குப்பைக் கிடங்கு ஓரத்துக் காற்றை அளப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் சொன்னார்: "விடியக்காலம் கோலம் போட வாசலுக்கு வந்தாத்தான் தம்பி அந்த வீச்சம் தெரியுது. வெயில் ஏறுனா காணோம்." காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஊருக்கு மேற்கே, கண்மாய்க் கரையைத் தாண்டினால் குப்பைக் கிடங்கு. நான் பல மாதம் படித்துத் தெரிந்துகொண்டதில் பாதி, ஆச்சியின் அந்தப் பேச்சிலேயே இருந்தது. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்பதால் கிடங்கிலிருந்து வரும் வாயு மேலே போக வழியில்லாமல் தெருவோடு தெருவாகப் பரவுகிறது. வெயில் ஏறியதும் மூடி கலைந்துவிடும். ஆகவே பகல் பதினொரு மணிக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டி "ஒன்றுமில்லையே" என்று யாராவது சொன்னால், அவர்கள் வந்த நேரம் தப்பு.

இந்தக் கட்டுரை, கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, காற்றில் என்ன இருக்கிறது என்று தாங்களே தெரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கு. வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், ஒரு நோட்டு வேண்டும்.

எதைத் தேடுகிறோம்

விஓசி என்று ஆய்வகத்தில் சொல்வது எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களை. பெட்ரோல் பங்கில் மூக்கில் ஏறுவது, பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் வருவது, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருவது எல்லாமே இந்த வகைதான். எல்லாம் ஒரே அளவுக்குக் கெடுதல் இல்லை. முகூர்த்த நாளுக்கு மறுநாள் கிடங்கில் வந்து இறங்கும் வாழையிலையும் பழத்தோலும் எத்தனால், லிமோனீன் போன்றவற்றை விடும். மூக்குக்கு நன்றாகத் தெரியும், பயப்பட வேண்டியது அதிகம் இல்லை. நாம் தேடுவது பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கையும், குளோரின் சேர்ந்த வினைல் குளோரைடு, டிரைகுளோரோஎத்திலீன் போன்றவற்றையும். பென்சீனும் வினைல் குளோரைடும் டிரைகுளோரோஎத்திலீனும் மனிதருக்குப் புற்றுநோய் வரவழைப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. பழைய குவியலுக்குள் காற்றுப் புகாமல் குப்பை அழுகும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, விஓசி எல்லாம் சேர்த்தும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. குப்பை தீப்பிடித்தால் கதை வேறு: பிளாஸ்டிக் புகையில் பென்சீனும் ஸ்டைரீனும் தாராளமாக வரும். 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும் 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது விஓசியே கிடையாது. நூறு கோடியில் சில பங்கு (இதைத்தான் பிபிபி என்கிறார்கள்) இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பென்சீன் இதற்கு நேர் எதிர். நம் நாட்டில் 2009-இல் அறிவித்த தேசியக் காற்றுத் தர வரையறையில் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதாவது சுமார் 1.6 பிபிபி. மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் அதைப்போலப் பல நூறு மடங்கு வேண்டும். நாற்றம் இருந்தால் விஓசி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, நாற்றம் இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் நாற்றம் வருகிற நேரம், கிடங்கின் காற்று உங்கள் வாசலுக்கு வருகிற நேரம் என்பது நிச்சயம். அந்த அளவுக்கு மூக்கை நம்பலாம்.

முதல் மாதம் நோட்டு மட்டும்

கருவி வாங்க ஓடாதீர்கள். ஒரு மாதம் நோட்டு எழுதுங்கள். நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. ஆச்சி வீட்டு நோட்டில் இருந்த ஒரு வரி இப்படி: "ஆடி 12, காலை 5.20, முகப்பு, பிளாஸ்டிக் கருகல், 3, காத்து மேக்கால இருந்து லேசா." நாள், மணி, இடம், என்ன மாதிரி வாடை, பூஜ்ஜியத்திலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு, காற்று எந்தப் பக்கமிருந்து. அவ்வளவுதான். வாடையின் பெயரை அவரவர் பாணியிலேயே எழுத விடுங்கள்: புளித்த மாவு, செத்த எலி, கருகல், மருந்து வாடை. "துர்நாற்றம்" என்று எல்லோரும் ஒரே வார்த்தையை எழுதினால் பின்னால் பிரித்துப் பார்க்க முடியாது. கண் எரிச்சல், தலைவலி இருந்தால் அதையும் குறியுங்கள். கிடங்கில் தீ தெரிந்ததா, லாரி வந்ததா, பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறதா என்பதையும் குறியுங்கள். குவியலைக் கிளறும் நாளில் உள்ளே அடைந்திருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். மழை வருவதற்கு முன்னால் காற்றழுத்தம் இறங்கும்போதும் குவியலிலிருந்து வாயு கூடுதலாகக் கசியும். வாடை இல்லாத நாளிலும் "0" என்று எழுதத்தான் வேண்டும்.

காற்றுத் திசைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். மொட்டைமாடியில் ஒரு கம்பு நட்டு, உச்சியில் லேசான ரிப்பன் கட்டி, கீழே நான்கு திசையையும் சுண்ணாம்பால் எழுதிவிட்டால் போதும். தெருவில் நின்று பார்க்காதீர்கள். நம் பக்கத்து வீடுகளின் சுவர் உயரத்துக்குத் தெருவில் காற்று சுற்றிச் சுழன்று வரும், மாடி உயரத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது கீழே ரிப்பன் கிழக்கிலிருந்து ஆடும். மேல்காற்று, கொண்டல், வாடை, தென்றல் என்று காற்று எங்கிருந்து வருகிறதோ அதை வைத்தே பெயர் சொல்வது நம் வழக்கம். வானிலைத் துறையும் அப்படித்தான் சொல்கிறது. அதனால் குழப்பமே வராது.

ஒரு மாதம் எழுதிய பிறகு நோட்டைப் புரட்டினால் எந்த நேரம், எந்தக் காற்று, எந்தத் தெரு என்பது தானாகத் தெரியும். எங்கள் நோட்டில் வாடை எழுதியிருந்த வரிகளில் பெரும்பாலானவை காலை நாலரைக்கும் ஏழுக்கும் நடுவே இருந்தன.

எங்கே வைப்பது

காற்றைப் பிடிக்கும் குழாயையோ கேனிஸ்டரையோ (இவை என்ன என்று கீழே வரும்) வைக்கக் குறைந்தது மூன்று இடம் வேண்டும். கிடங்குக்குக் காற்று வந்து சேரும் பக்கத்தில் ஒன்று, காற்று கிடங்கைத் தாண்டிப் போகும் பக்கத்தில் வேலி ஓரமாக ஒன்று, அதே பக்கத்தில் முதல் குடியிருப்பில் ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூட வேண்டும். காற்று வரும் பக்கத்து மாதிரி இல்லாமல் வேலி ஓரத்தில் மட்டும் எடுத்தால், வந்த பென்சீன் கிடங்கினுடையதா, தேவகோட்டை ரோட்டில் போகும் லாரியினுடையதா என்று கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்காது. இந்த ஒன்றில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு நாள் அளக்கப் பணம் இருந்தால், ஒரே நாளில் இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள்.

இடத்தைச் சுற்றி முந்நூறு மீட்டர் நடந்து பாருங்கள். பெட்ரோல் பங்க், சீமைக் கருவேல் கரி மூட்டம், செங்கல் சூளை, புதுவயல் பக்கமென்றால் அரிசி ஆலைகளின் உமிப் புகை, எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். எங்கள் முதல் முயற்சியில் இதைச் சரியாகச் செய்யவில்லை. மாதிரி எடுத்த வீட்டுக்குப் பின்கட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், பழைய தேக்குத் தூண்களுக்கு வார்னிஷ் அடித்து வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். அறிக்கையில் டொலுவீனும் சைலீனும் ஏகத்துக்கு வந்தது, கிடங்கு வேலியைவிட வீட்டில் அதிகம். அந்த மாதிரி முழுக்க வீண். பழைய மரச்சாமான் கடைகள் இருக்கிற ஊர் இது, பாலிஷ் எங்கே நடக்கிறது என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள்.

உயரம், ஆள் மூச்சு விடும் மட்டம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். சுவரை ஒட்டி வேண்டாம். மரத்தடியும் வேண்டாம், இலைகளே ஐசோப்ரீன் போன்ற விஓசிகளை விடும். ஊரணி மேடு போன்ற திறந்த இடம் நல்லது.

எதைக் கொண்டு அளப்பது

கடைகளிலும் ஆன்லைனிலும் "டிவிஓசி" (மொத்த விஓசி) என்று எண் காட்டும் சின்ன டப்பாக்கள் கிடைக்கின்றன. தாளிக்கும் வாடைக்கும் ஏறும், சானிட்டைசருக்கும் ஏறும், ஈரப்பதத்துக்கும் மாறும். எந்த நேரத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்க்க ஒரு துணை, அதற்குமேல் அதை நம்பி எதுவும் எழுதாதீர்கள்.

அடுத்தது பிஐடி, கையில் பிடிக்கும் கருவி. உள்ளே ஒரு புற ஊதா விளக்கு, பொதுவாக 10.6 எலக்ட்ரான் வோல்ட், வாயு மூலக்கூறுகளை மின்னூட்டி அளக்கும். மீத்தேனைக் கண்டுகொள்ளாது என்பது நமக்கு வசதி. ஆனால் எல்லா விஓசியையும் சேர்த்து ஒரே எண்தான் தரும், எது பென்சீன் என்று சொல்லாது. தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் சாதாரண வகையில் கடைசி இலக்கம் 0.1 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அது 100 பிபிபி. பென்சீன் வரையறை 1.6 பிபிபி என்று மேலே பார்த்தோமே, அதைவிட அறுபது மடங்கு. திரையில் 0.0 என்று வந்தால் காற்று சுத்தம் என்று பொருள் இல்லை. வேலியைச் சுற்றி நடந்து எந்த மூலையில் அதிகம் கசிகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் பிஐடி நல்ல கருவி.

உண்மையான அளவுக்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். அதில் மூன்று வழி.

உறிஞ்சு குழாய்: விரல் நீளக் குழாய்க்குள் கரித்தூளோ வேறு உறிஞ்சு பொருளோ இருக்கும். சின்ன பம்ப் வைத்துக் காற்றை இழுக்கலாம். நம் நாட்டில் பென்சீனுக்கு வழக்கமாகச் செய்வது இந்தக் கரிக்குழாய் முறைதான். பம்ப் இல்லாமலும் தொங்கவிடலாம். பெட்ரோலிய ஆலைகளின் வேலிகளில் அமெரிக்காவில் அப்படித்தான் பதினான்கு நாள் தொங்கவிட்டுப் பென்சீனை அளக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, விலையும் குறைவு, புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நேர் வெயிலும் மழையும் படாமல் மேலே ஒரு சின்னக் கூரை இருக்க வேண்டும். ஒரே குறை, வினைல் குளோரைடு போன்ற மிக லேசான வாயுக்கள் பெரும்பாலான குழாய்களில் நிற்காது.

கேனிஸ்டர்: ஆறு லிட்டர் எஃகு உருண்டை, உள்ளே வெற்றிடம். வால்வைத் திறந்தால் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். இருபத்துநான்கு மணி நேரம் மெதுவாக இழுக்க ஒரு கட்டுப்பாட்டு முனை போடுவார்கள். அறுபது எழுபது சேர்மங்களை ஒரே மாதிரியில் பார்க்கலாம், வினைல் குளோரைடும் இதில் வரும். செலவு அதிகம்.

பை: மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் டெட்லார் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பை. பம்பால் வாளிக்குள் இருக்கும் காற்றை இழுத்தால், வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் போகும். சில நிமிட வேலை. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004-இல் இந்த வாளியைக் கொண்டுதான் தங்கள் காற்றைப் பிடித்தார்கள். நம் மாநிலத்தில் ஊர்மக்கள் தாங்களே விஓசி அளந்ததற்கு அதுதான் முன்னோடி. கிடங்கு எரிகிற நேரம், வாடை உச்சத்தில் இருக்கிற நேரம் இதற்கு ஏற்றது. மூன்று நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும், பையிலிருந்து வாயு மெல்லக் கசியும்.

ஆய்வகத்தில் முதலில் கேட்க வேண்டியவை

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்: என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இந்தச் சோதனைக்கே இருக்கிறதா, என்ன முறை (அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் முறை எண்கள்: கேனிஸ்டருக்கு டிஓ-15, வெப்பத்தால் விடுவிக்கும் குழாய்க்கு டிஓ-17), எந்தெந்தச் சேர்மங்கள், ஒவ்வொன்றுக்கும் கண்டறியும் எல்லை எவ்வளவு. கடைசிக் கேள்வியை விட்டால் நாங்கள் பட்டதைப் படுவீர்கள். ஓர் ஆய்வகம் எங்களுக்கு ஒரே வரியில் "மொத்த விஓசி: கண்டறியப்படவில்லை" என்று கொடுத்தது, அடியில் சின்ன எழுத்தில் கண்டறியும் எல்லை 1 பிபிஎம். அதாவது 999 பிபிபி இருந்தாலும் "இல்லை" என்றுதான் வரும். ஊரில் எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள், அந்த நிம்மதிக்கு எந்த ஆதாரமும் கிடையாது. பென்சீனுக்கு எல்லை கனமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் அளவுக்காவது இறங்க வேண்டும் என்று கேளுங்கள்.

மாதிரி எடுக்கும் நாள்

முதல்நாள் இரவே வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிடுங்கள், காலையில் வேண்டாம். சென்ட், சானிட்டைசர், கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. லேபிளில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனாவின் மையிலேயே கரைப்பான் இருக்கிறது. குழாய்களைக் கொண்டுபோகும் பெட்டியில் வேறு எதையும் வைக்காதீர்கள், பைக் சீட்டுக்கு அடியில் அறவே கூடாது.

கேனிஸ்டர் என்றால் வால்வைத் திறந்தவுடன் அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். கழித்தல் 29, 30 பாதரச அங்குலத்தில் நிற்க வேண்டும். 25-க்குக் குறைவாக இருந்தால் வழியில் கசிந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தாதீர்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் முள் கழித்தல் 5-க்கு வந்து நிற்க வேண்டும், ஆகவே மணிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. காலை ஆறுக்குத் திறந்தால் பத்து மணிக்கு கழித்தல் 25 பக்கம் இருக்கும். அதற்குள் 15-க்கு வந்துவிட்டால் முனை சரியில்லை. முள் பூஜ்ஜியத்தைத் தொடும் வரை விடாதீர்கள், எப்போது நின்றது என்று தெரியாமல் போய்விடும். திறந்தபோதும் மூடியபோதும் முள்ளைப் படம் எடுத்து வையுங்கள், கூடவே மாடி ரிப்பனையும்.

இரண்டு கூடுதல் மாதிரி அவசியம். ஒன்று வெற்று மாதிரி: குழாயை எடுத்துப்போய், மூடியைத் திறந்து உடனே மூடி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்புவது. அதிலும் பென்சீன் வந்தால் அது பெட்டியிலிருந்தோ கையிலிருந்தோ வந்தது. இன்னொன்று இரட்டை மாதிரி: ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. இரண்டு எண்ணும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் அன்றைய வேலையைச் சந்தேகப்படுங்கள். யார் எடுத்தது, யார் கையில் கொடுத்தது, எத்தனை மணிக்கு என்ற தாளில் கைமாறும்போதெல்லாம் கையெழுத்து வாங்குங்கள். குழாய்களை ஐஸ் பெட்டியில் வையுங்கள், கேனிஸ்டருக்கு ஐஸ் வேண்டாம்.

கிடங்குக்குள் ஏற வேண்டாம். வெளியே தெரியாமல் அடியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பில் கால் புதைந்துவிடும், பள்ளத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும். நமக்கு வேண்டியது வேலி ஓரம்தான். இரண்டு பேராகப் போங்கள்.

எண்ணைப் படிப்பது

குழாய் முறையில் ஆய்வகம் குழாயில் இருந்த எடையைத் தரும், கனமீட்டருக்கு நாம் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். பம்ப் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர், எட்டு மணி நேரம் ஓடியது என்றால் 48 லிட்டர், அதாவது 0.048 கனமீட்டர். குழாயில் 0.24 மைக்ரோகிராம் பென்சீன் இருந்தால், 0.24 ஐ 0.048-ஆல் வகுக்க 5 வரும். பிபிபியில் கொடுத்திருந்தால் பென்சீனுக்கு 3.19-ஆல் பெருக்கினால் மைக்ரோகிராம்.

காற்று வரும் பக்கம் 2, வேலி ஓரம் 7, வீட்டில் 3 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு சேர்த்தது வேலியில் 5, வீட்டில் 1. வீட்டு எண் வரையறைக்குக் கீழே என்று விட்டுவிடாதீர்கள், வேலி எண் வரையறையைத் தாண்டியது என்றும் கத்தாதீர்கள். அந்த 5 மைக்ரோகிராம் என்பது ஆண்டுச் சராசரி. அதிகாரபூர்வமாகச் சொல்ல வாரம் இருமுறை என ஆண்டுக்கு 104 நாளாவது அளந்திருக்க வேண்டும். உங்கள் ஒரு நாள் எண் காட்டுவது, கிடங்கு காற்றில் சேர்க்கிறது, எவ்வளவு சேர்க்கிறது என்பதை. அதிகாரிகளை வந்து அளக்க வைக்க அது போதும். பென்சீனில் இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று ஓர் எல்லை கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

டொலுவீனையும் பென்சீனையும் வகுத்துப் பாருங்கள். வண்டிப் புகையில் டொலுவீன் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பத்து மடங்கு என்றால் பெயிண்ட், வார்னிஷ், கரைப்பான். பென்சீனே அதிகம் என்றால் ஏதோ எரிகிறது. வினைல் குளோரைடு தென்பட்டால் அது முக்கியமான தடயம்: குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் காற்றில்லாத குப்பைக்குள் சிதையும்போது உருவாவது அது, வண்டியிலிருந்து வராது. அறிக்கை புரியவில்லை என்றால் தயங்காதீர்கள். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறந்த சிக்ரியும் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிற பகுதி இது, பக்கத்துத் தெருவிலேயே வேதியியல் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அறிக்கையோடு போய்க் கேளுங்கள்.

எங்கே கொடுப்பது

நோட்டின் நகல், வரைபடம், அறிக்கை, ரிப்பன் படங்கள், இவற்றோடு ஒரே பக்க மனு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று, கிராமமாக இருந்தால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாளில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக ஒன்று. கேட்பது தெளிவாக இருக்கட்டும்: "அதிகாலை 4 முதல் 8 வரை, மேல்காற்று வீசும் நாளில், இரு பக்கமும் விஓசி அளக்க வேண்டும்." "நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, கிடங்கில் இதுவரை எடுத்த காற்றுத் தர அறிக்கைகளைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் நிலநிரப்பும் இடத்தில் மீத்தேன் அதன் கீழ் வெடிப்பு எல்லையின் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது, அந்த அளவீட்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு பருவத்தோடு விட்டுவிட முடியாது. ஆடியில் மேல்காற்று எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஐப்பசியில் காற்று வடகிழக்குக்குத் திரும்பினால் கிடங்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புக்குப் போகும். அங்கே இருப்பவர்களிடம் இப்போதே ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஆய்வகத்தில் குழாய்களுக்குச் சொல்லி வையுங்கள், தீபாவளி வாரம் மட்டும் வேண்டாம், பட்டாசுப் புகை எல்லாவற்றையும் குழப்பிவிடும்.